கோமதி சுற்றிய வழி

2025 பிப்ரவரி 11. நேற்று எழுதியதில் ஒரு பிழை. தனபால் தென்னை மரத்தைத் தாண்டி வளர்ந்தது ஆடி மாதத்தில் என்று எழுதியிருந்தேன். ஆவணி என்பதே சரி. ஆடியில் அவர் ஓட்டு வீட்டின் முகட்டு உயரம்தான் இருந்தார் என்று பொங்கியண்ணனும் அவர் மனைவி கருப்பாத்தாளும் தனித்தனியாகக் கேட்டபோதும் ஒன்றுபோலச் சொன்னார்கள். அடித்துத் திருத்திவிட்டு முதலிலிருந்து எழுதுகிறேன்.

கேரளத்துக்குள், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிற எங்கள் எருத்தேன்பதியில் தனபால் மாட்டுத் தரகராக இருந்தவர். தென்னந்தோப்பும் போர்வெல்லும் உண்டு என்றாலும் வேலந்தாவளம் சந்தைதான் அவருக்குப் பிழைப்பு, பொழுதுபோக்கு, உறவு எல்லாம். 2013இல் முதலில் அவருக்குச் சட்டை பற்றாமல் போனது. பிறகு நிலைப்படியில் தலை இடித்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லாரி பேசினார்கள். லாரி வந்து சேர்வதற்குள் அவர் லாரியில் ஏற்ற முடியாத அளவுக்குப் போயிருந்தார். வீட்டுக்கு மேற்கே இருந்த நெற்களத்தில் நிற்க வைத்தார்கள். ஆவணியில் தென்னையைத் தாண்டினார். நிறம் சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்த செங்கல் போல ஆனது. பெருத்த அளவுக்குச் சூடு இல்லை. பகலெல்லாம் வெயிலில் கிடந்த பாறை சாயங்காலம் விடுகிற சூடுதான். அவருடைய ஓரம் எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்பதைச் சரியாகச் சொல்ல முடியாது. தவிடு போன்ற சிவந்த தூசி அவர் மேலிருந்து எந்நேரமும் உதிர்ந்துகொண்டிருந்தது. தோப்பில் இருந்த தென்னைகள் எல்லாம் அவர் பக்கமாகச் சாய்ந்தன. குரல் மிகவும் மெதுவாகிவிட்டது. பார்க்க வந்தவர்கள் காலையில் வணக்கம் வைத்துவிட்டு, வயல் வேலை முடித்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அவர் சொன்ன "வாங்க" வந்து சேரும்.

அவர் மனைவி கோமதி சிறுத்த உடம்புக்காரர், சுறுசுறுப்பானவர். தனபால் பெருத்துச் சிவந்த அதே நாட்களில் கோமதி வெளுத்து ஒளிவிடத் தொடங்கினார். அதை ஊர் பெரிதாகக் கவனிக்கவில்லை, ஏனென்றால் பக்கத்தில் நின்றவர் அப்படி. ஒரு காலை கோமதி சொம்பில் மோர் எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனார். பாதி தூரம் போனதும் கால்கள் முன்னே போகவில்லை. திரும்பி வரவும் முடியவில்லை. பக்கவாட்டில் மட்டும் போயின. அன்றைக்கு மோர்ச் சொம்போடு தனபாலை ஒரு முழுச் சுற்று சுற்றிவந்தவர், பிறகு நிற்கவில்லை. தூங்கும்போதும் கால்கள் நடந்தன. சுற்றுபவருக்குத் தன் வீடு தினமும் கண்ணில் படும். ஆனால் எப்போதும் இடது கைப் பக்கத்தில், எட்டாத தூரத்தில்.

அவருடைய வழி வட்டம் அல்ல, கோழிமுட்டை போல நீண்டது. அது தோப்பு வழியாகவும், வாய்க்கால் மேலாகவும், பொங்கியண்ணன் வீட்டுக்குள்ளேயும் போனது. பொங்கியண்ணன் தனபாலுக்குப் பங்காளி, வயதில் மூத்தவர். முதல் நாள் மூடியிருந்த கதவு கோமதி வந்த வேகத்தில் கீலோடு பெயர்ந்தது. அதிலிருந்து வழியில் இருந்த வீட்டுக்காரர்கள் முன்கதவையும் பின்கதவையும் திறந்தே வைத்தார்கள். சமையல்கட்டு வழியாகப் போகும்போது கோமதிக்கும் கருப்பாத்தாளுக்கும் நடந்த பேச்சு ஏறத்தாழத் தினமும் ஒன்றுதான்.

"ஏனக்கா, இன்னைக்கு என்ன கொளம்பு?"

"தட்டப்பயறு. சித்த நில்லு சாமி, ஒரு வாய் தின்னுட்டுப் போ."

"நிக்க முடிஞ்சா என்ற ஊட்டுலயே நின்னுருக்க மாட்டனா?"

கருப்பாத்தாள் சோற்றை உருட்டிக் கையில் கொடுப்பார். கோமதி வாங்கி வாயில் போடும்போது பின்வாசலைத் தாண்டியிருப்பார். ஊரில் யார் கேட்டாலும் அவர் சொன்ன ஆசை ஒன்றே. புருசன் பக்கத்தில் நிற்க வேண்டும். மோர் கொடுக்க வேண்டும், அவர் குடித்த பிறகு சொம்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

அடுத்த வருடம் வில்லேஜ் ஆபீசிலிருந்து ஜிஜி என்பவர் வந்தார். கோட்டயத்துக்காரர், மாற்றலில் புதிதாக வந்தவர். கையில் அளக்கிற டேப் வைத்திருந்தார். தனபாலின் கால்கள் கேரளத்தில் இருந்தன. வெளிச்சத்தில் பாதி மாநில எல்லைக்கு அப்பால் விழுந்து, அங்கே மோட்டார் ரூமில் பல்பு இல்லாமலே வேலை நடந்தது. யாரோ அந்தப் பக்கத்திலிருந்து புகார் கொடுத்திருந்தார்கள்.

"ஆளு நிக்கறது கேரளத்தில். வெளிச்சம் விழறது தமிழ்நாட்டில். ஞான் எதை எழுதும் சேட்டா?" என்றார் ஜிஜி.

"ஆளை எழுதுங்க சார். வெளிச்சத்துக்கு ரேசன் கார்டு வேண்டியதில்ல," என்றார் பொங்கியண்ணன்.

அப்போது கோமதி வாய்க்கால் மேட்டில் வந்துகொண்டிருந்தார். இவரையும் எழுத வேண்டுமா என்று ஜிஜி கேட்டார். பொங்கியண்ணன் களத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "ஏன்டா தனபாலு, பொண்டாட்டியச் சுத்த உட்டுட்டு நீ ராசா மாதர நிக்கறயே, உனக்கே நல்லா இருக்குதா?" இதற்குத் தனபாலின் பதில் நான்காம் நாள் வந்தது. நல்லா இல்லை என்று சொன்னதாகவே அனைவரும் சொல்கிறார்கள்.

வேலந்தாவளம் சந்தை வழக்கம் ஒன்றை இங்கே எழுத வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்தது எல்லாம் அதனால்தான். அங்கே பழைய தரகர்கள் மாட்டு விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. இருவரும் கையைக் கோத்து மேலே துண்டைப் போட்டுக்கொள்வார்கள். விரலைப் பிடித்தும் அழுத்தியும் விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு முகம் மட்டும் தெரியும், விலை தெரியாது. பேச்சு முடியும்வரை கை உள்ளே இருக்க வேண்டும். முந்திக் கையை எடுப்பவர் வேண்டாம் என்கிறார் என்று அர்த்தம். எடுத்த பிறகு அந்த மாட்டை அவர் திரும்பிப் பார்க்கக்கூடாது. தனபால் தன் தொழிலில் ஒருமுறைகூட முந்திக் கையை எடுத்ததில்லை. எதிராளி சாயங்காலம்வரை முரண்டு பிடித்தாலும் கையைக் கொடுத்தபடி நிற்பார். அதுதான் அவருக்குச் சந்தையில் இருந்த பேர்.

கோமதியின் வழி களத்தை மிகவும் நெருங்குவது கிணற்றுமேட்டில். அங்கே தனபால் குனிந்து கையை நீட்டினால் எட்டும். வாயால் பேசினால் காலம் ஆகிறது, விரலால் பேசலாமே என்று பொங்கியண்ணனுக்குத் தோன்றியது. 2015 தைப் பொங்கலுக்கு மறுநாள், கோமதி கிணற்றுமேட்டைக் கடக்கும்போது தனபாலின் விரல் நுனியும் கோமதியின் கையும் சேர்ந்த இடத்தில் தன் தோளில் இருந்த துண்டை வீசினார். துண்டுக்குள் என்ன பேசினார்கள் என்று தெரியாது. தெரியக்கூடாது என்பதற்குத்தான் துண்டு. ஆனால் தனபால் மேலிருந்து காற்றில் வீணாகிக்கொண்டிருந்த சிவந்த தூசி அன்று திரிபோல முறுக்கிக்கொண்டு துண்டுக்குள் போவதை எல்லோரும் பார்த்தார்கள். கோமதி கிணற்றுமேட்டைத் தாண்டிப் போனபோது அவர் காலடியில் மண் முன்னைவிட ஆழமாக அழுந்தியது. அடுத்த சுற்றில் அவர் வாய்க்காலுக்கு இந்தப் பக்கமாகவே வந்துவிட்டார்.

அதன் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் துண்டு போட்டார்கள். ஒவ்வொரு முறையும் தனபால் கொஞ்சம் குறைந்தார், கோமதி கொஞ்சம் கனத்தார், வழி சுருங்கியது. பொங்கியண்ணன் வீட்டுக் கதவுகளை மறுபடி மூடி வைக்க முடிந்தது. கருப்பாத்தாளுக்கு அதில் வருத்தம்தான். சமையல்கட்டில் பேச ஆள் இல்லாமல் போயிற்று. 2016 பங்குனியில் ஒரு நாள் தோப்பில் தென்னைகள் நிமிர்ந்தன. இத்தனை வருடம் தனபால் பக்கம் சாய்ந்திருந்தவை எந்தப் பக்கமும் சாயாமல் நேராக நின்றன. இரண்டு பேரும் ஒரே எடைக்கு வந்துவிட்டார்கள் என்பதை ஊர் அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டது. அன்று சாயங்காலம் கோமதி நின்றார். தனபாலுக்கு நேர் எதிரில், கை எட்டும் தூரத்தில், துண்டுக்கடியில் கையைக் கொடுத்தபடி நின்றார். சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு வெளிச்சம் களத்தில் கலந்து, பார்க்க வந்தவர்கள் முகமெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது.

"போதும்டா, கைய எடு. ரெண்டு பேரும் உக்காருங்க," என்றார் பொங்கியண்ணன்.

தனபால் எடுக்கவில்லை. முந்திக் கையை எடுத்துப் பழகியவர் இல்லை. கோமதியும் எடுக்கவில்லை. தரகர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவருக்கு, கையை எடுத்தால் என்ன அர்த்தம் என்பது தெரியும். இருவரும் ஒருவரை ஒருவர் வேண்டாம் என்று சொல்லாமல் நின்றார்கள். தூசி துண்டுக்குள் போய்க்கொண்டே இருந்தது. விடிந்தபோது தென்னைகள் கோமதி பக்கமாக லேசாகச் சாய்ந்திருந்தன. கோமதி களத்தின் ஓரத்தில் நடந்துகொண்டிருந்தார். இரண்டாவது நாள் வாய்க்காலில். பத்து நாளில் கருப்பாத்தாளின் சமையல்கட்டு வழியாக மறுபடியும் போனார். என்ன குழம்பு என்று அன்று கேட்கவில்லை.

முன்பு கொடுத்ததால் நெருங்கினார்கள், ஆகவே இன்னும் கொடுத்தால் மறுபடி நெருங்குவார்கள் என்று பொங்கியண்ணன் கணக்குப் போட்டார். ஊரில் அனைவரும் அதையே சொன்னார்கள். கோமதி கிணற்றுமேட்டுக்கு வரும்போதெல்லாம் இரண்டு துண்டு, மூன்று துண்டு போட்டுப் பேச்சை நீட்டினார்கள். தனபால் மறுக்காமல் கொடுத்தார். வழி அகன்றுகொண்டே போனது.

பெரியவர்களுக்காக நடந்த, நான் படித்த சாயங்கால வகுப்பில் அந்த வருடம் அறிவியலில் இரட்டை விண்மீன் என்று ஒரு பாடம் வந்தது. ஜிஷா டீச்சர் போர்டில் இரண்டு வட்டம் வரைந்தார். வயதாகிப் பெருத்துச் சிவந்த விண்மீன் ஒன்று, அதன் துணை ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துச் சுற்றும். பெரியது தன்னுடையதைத் துணைக்குக் கொடுக்கும். வகுப்பில் இருந்தவர்கள் ஆச்சரியப்படவில்லை. தேங்காய் போடுகிற கருப்புசாமி, "இது நம்ம தனபாலண்ணன் ஊட்டுச் சமாச்சாரமாச்சே, புஸ்தகத்துல எப்பப் போட்டாங்க?" என்று கேட்டார். விண்மீனுக்கு இதற்குக் கோடிக்கணக்கான வருடம் ஆகும் என்றார் டீச்சர். எருத்தேன்பதியில் எல்லாம் சீக்கிரம் என்றார் கருப்புசாமி. டீச்சர் இன்னொன்றும் சொன்னார். கனமானவர் கொடுத்தால் இருவரும் நெருங்குவார்கள். லேசானவர் கொடுத்தால் விலகுவார்கள். நான் கையைத் தூக்கி, சரியாகக் காதில் விழுந்ததா என்று இரண்டு முறை கேட்டேன்.

அதைப் பொங்கியண்ணனிடம் சொன்னபோது, "புஸ்தகம் எளுதுனவன் மாடு புடிச்சிருக்கானா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஆகவே கிருத்திகாவுக்குப் போன் செய்தேன். தனபால், கோமதி தம்பதிக்கு ஒரே மகள். கோயமுத்தூரில் ஒரு லேபில் வேலை. மறுநாளே வந்தார். முதலில் அம்மாவோடு பாதிச் சுற்று நடந்தார். என்ன சொன்னாரோ, கோமதியின் பதிலை மட்டும் வழியில் இருந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள்: "உங்கொப்பன் குடுக்கறத வேண்டாங்கச் சொல்றயா?" பிறகு களத்துக்கு வந்து அப்பாவின் முன்னால் நின்றார். தனபால் அப்போது புளியமரம் உயரத்துக்கு இறங்கியிருந்தார்.

"அப்பா, கைய எடுத்துருங்கப்பா. நீங்க குடுக்கக் குடுக்க அம்மா தூரமாத்தான் போறாங்க."

தனபால் வைகாசியில் பதில் சொல்ல ஆரம்பித்தார். முதல் சொல்லுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் மழை தொடங்கியது. ஊரார் விழுந்த எழுத்துகளை ஒருவருக்கொருவர் சொல்லிச் சேர்த்தார்கள். கிருத்திகா வாரக் கடைசியில் வந்து அதுவரை என்ன வந்திருக்கிறது என்று கேட்டுப் போவார். ஆடிக் கடைசியில் பதில் முடிந்தது. "கைய எடுத்தா வேண்டாம்னு அர்த்தம் கண்ணு."

கிருத்திகா அதைக் கேட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் கோயமுத்தூருக்குப் போனார்.

அதன் பிறகு வருடங்கள் வேகமாகப் போயின. கோமதியின் வழி வேலந்தாவளத்தைத் தொட்டது, பிறகு பொள்ளாச்சியை, பிறகு உடுமலையை. களத்துக்கு அருகில் வரும்போது ஓட்டமும், தொலைவில் போகப்போக நகர்வதே தெரியாத நடையுமாக அவர் போனார். 2018இல், கேரளத்தில் பெரிய வெள்ளம் வந்த வருடத்தில், மறையூர்ச் சந்தனக் காட்டுக்குள் ஒரு வெள்ளை வெளிச்சம் போனதாக அங்கிருந்து செய்தி வந்தது. திரும்பி வருவது முழுக்கக் காட்டு வழி. அந்தப் பாதியில் அவரை யார் கண்டார்கள், அவர் யாரோடு பேசினார் என்பதைப் பற்றி எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. யாரோடும் பேசியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஊரடங்குக் காலத்தில் வேலந்தாவளத்தில் சாலைக்குக் குறுக்கே தடுப்பு வைத்திருந்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் கோமதியின் கூடவே ஓடினார்.

"நில்லும்மா! பாஸ் இருக்கா?"

"நிக்கறதுக்குப் பாஸ் இருந்தா குடுங்க தம்பி, வாங்கிக்கறன்."

தடுப்பு சாய்ந்தது. போலீஸ்காரர் நெற்றிக்கு நேராக நீட்டிய சூடு பார்க்கும் கருவி பிறகு வேறு யாருக்கும் வேலை செய்யவில்லையாம்.

அந்தச் சுற்றில்தான் கோமதி பீர்மேடுவரை போனார். அங்கே தேயிலைத் தோட்டத்து வரிசைவீடான லயத்தில் குடியிருக்கும் பூமாரி கொழுந்து எடுக்கிறவர். கோமதி பொங்கியண்ணன் போன் நம்பரை அவரிடம் சொல்லியிருந்ததால் பிறகு எங்களுக்குக் கூப்பிட்டுப் பேசினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கோமதி லயத்தைக் கடந்து போகப் பல நாள் ஆனது. மாடு மேய்வதைவிட மெதுவாகப் போனார். மூடுபனியில் அவர் நிற்கும் இடம் மட்டும் பால் போலத் தெரியும். கொழுந்து எடுக்கிற பெண்கள் போகும்போதும் வரும்போதும் அவரோடு பேசினார்கள். பூமாரி தினமும் பால் விடாத கட்டங்காப்பி கொண்டுபோய்க் கொடுத்தார்.

"யாரத் தேடிப் போறீகம்மா?"

"தேடிப் போகலீங். சுத்திப் போறன்."

"வீட்டுக்காரரையா? அப்ப ரொம்பத் தொலவு வந்துட்டீகளே."

"அவரு குடுத்ததுதானுங்க இவ்வளவு தொலவும்."

காப்பி ஆறுகிறது என்றாராம் பூமாரி. கோமதி குடித்துவிட்டு, "அடுத்த தடவ போனா கைய எடுத்துறோணும்," என்றார்.

"எடுத்தா என்னாகும்?"

"தெரியலீங். எடுக்கலைன்னா என்னாகும்னு தெரியும்."

2021 கார்த்திகையில் கோமதி கிணற்றுமேட்டுக்கு வந்தார். தனபால் அப்போது களத்தில் இல்லை. ஆள் உயரத்துக்கு இறங்கியபோதே ஊரார் அவரை மாட்டுத் தொழுவத்துக்குக் கூட்டிவந்திருந்தார்கள். இப்போது கொடுத்துக் கொடுத்து ஒரு சாண் உயரத்துக்கு வந்திருந்தார். சிவப்பு முழுவதும் போய், கண் கூசும் வெள்ளையாக இருந்தார். ஒரு சாண் ஆளை நான்கு பேர் சேர்ந்தும் அசைக்க முடியவில்லை, அத்தனை இறுக்கம். அவருக்கடியில் தொழுவத்துக் கல் குழிந்திருந்தது. கோமதி வரும் வழி இந்த முறை தொழுவத்தின் கூரையை ஒட்டியே இருந்தது. ஊர் முழுக்கக் கூடியிருந்தது. கோமதி கையை உள்ளே நீட்டினார். பொங்கியண்ணன் துண்டைப் போட்டார். எங்கள் முகங்களில் வெளிச்சம் ஏறி இறங்கியது. தனபாலிடம் கடைசியாக இருந்த தூசி நூல்போலக் கிளம்பியது. அது துண்டுக்குள் நுழைவதற்கு முன் கோமதி கையை எடுத்துவிட்டார்.

கருப்பாத்தாள்தான், "அடிப் பாவி, கைய எடுத்துட்டாளே," என்றார். கிளம்பிய நூல் திரும்பித் தனபாலிடமே போய் அடங்கியது. கோமதி திரும்பிப் பார்க்காமல் கிழக்கே நடந்தார். கையை எடுத்தவர் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது வழக்கம். தனபாலின் சிறிய கை நாள் முழுக்கத் துண்டுக்கடியிலேயே இருந்தது. மறுநாள் பொங்கியண்ணன் துண்டை எடுத்து உதறாமல் மடித்தார்.

அதன் பிறகு மூன்று வருடம் எழுத ஒன்றுமில்லை. கிழக்கே போனபோது கோமதி எவ்வளவு மெதுவாகியிருந்தார் என்பதை வைத்து, அவர் அடுத்து வருவதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்களில் யாரும் உயிரோடு இருக்க மாட்டோம் என்று வந்தது. தவறாக இருக்கும் என்று மறுபடி போட்டேன். அதே விடை. கிருத்திகாவிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. மாதம் ஒருமுறை வந்து தொழுவத்தைப் பெருக்கி, அப்பாவின் எதிரில் உட்கார்ந்து ஆபீஸ் விஷயங்களைச் சொல்லிவிட்டுப் போவார். தனபால் ஒன்றும் சொல்லவில்லை. மெதுவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாரோ என்று தொழுவத்தில் காதை வைத்துக் கேட்டோம். இல்லை. கோமதி வீட்டுக் கதவுக்குப் பூட்டுப் போட்டார்கள். வழியில் இருந்த மற்ற வீடுகளிலும் பின்கதவை மூடினார்கள். கருப்பாத்தாள் மட்டும் ஒரு கை சோற்றை உருட்டி வைத்துவிட்டு, பிறகு அதைத் தானே தின்பார்.

சென்ற டிசம்பரில் பூமாரியிடமிருந்து போன் வந்தது. பொங்கியண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணாச்சி, ஒங்க ஊரு கோமதியக்கா நின்னுட்டாக."

"எங்க?"

"இங்கதான், பாக்டரிக்கு மேல மேட்டுல. நின்னு பெருத்துக்கிட்டே போறாக. செவந்தும் போயிட்டாக. தேயிலச் செடியெல்லாம் அவுக பக்கமா சாயுது. குளிருக்கு நாங்க பூராம் அங்கதான் போயி கை காயுறோம். நேத்து வாங்கன்னு சொன்னாக போல, இன்னைக்குத்தான் காதுல விழுந்துச்சு."

பெருத்துச் சிவந்தவர் நிற்பார், மற்றவர் சுற்றுவார் என்பது எங்கள் ஊருக்குத் தெரிந்ததுதான். ஆகவே மறுநாள் காலை தனபால் தொழுவத்துக் கல் குழியிலிருந்து ஒரு விரற்கடை வெளியே வந்திருந்ததைப் பார்த்தபோது யாரும் சத்தம் போடவில்லை. நான்கு பேர் அசைக்க முடியாதவர், தானாகப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தார். தை மாதம் தொழுவ வாசலுக்கு வந்தார். பொங்கலுக்கு அடுத்த வாரம் முற்றத்தைத் தாண்டினார். தரையில் படாமல், இடுப்பு உயரத்தில் மிதந்தபடி போகிறார். கடந்த இடத்தில் புல் கருகியிருக்கிறது. இன்று சாயங்காலம் எங்கள் வேலிக்கு வந்துவிட்டார். வேகம் தினமும் கூடுகிறது.

கிருத்திகா வந்திருக்கிறார். ஜிஷா டீச்சரின் விதியை மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். அம்மா இப்போது கனமானவர், ஆகவே அவர் கொடுத்தால் அப்பா நெருங்குவார். இருவரும் ஒரே எடைக்கு வரும்வரை.

"அதுக்கப்புறம்?" என்ற கிருத்திகா பொங்கியண்ணன் பக்கம் திரும்பினார். "அப்பாவுக்கு அங்க கைய எடுக்கத் தெரியுமா பெரீப்பா?"

பொங்கியண்ணன் வேலியோரம் நின்று தனபாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் கூசியதால் கண்ணுக்கு மேல் கையை வைத்திருந்தார்.

"எடுத்துக் காட்டிட்டுத்தான் போனா அவ. வேண்டாம்னு எடுத்தவ எங்கயோ போயிருப்பா. இவ போய் மலை மேல நின்னுட்டு இருக்கறா. இதுகூடவா தெரியாது ஒரு தரகனுக்கு?"

தனபால் நின்று கேட்கவில்லை. அவரால் நிற்க முடியாது.

நாளை அவர் எங்கள் புழக்கடை வழியாகப் போவார். அந்த வழியில் கோழிக்கூடு இருக்கிறது. காலையில் எழுந்ததும் அதைத் தெற்கே நகர்த்த வேண்டும்.